இலையோடு நின்றது

இலையை மட்டும் பார்த்துவிட்டு நான் வாய் திறந்திருக்கக் கூடாது.

காலையிலிருந்து இதை எத்தனையாவது தடவை நினைக்கிறோம் என்று அவளுக்கே கணக்கு விட்டுப்போயிருந்தது. கை மட்டும் தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. வேரோடு பிடுங்கி வந்த நிலக்கடலைச் செடிகள் ஈரச் சாக்கில் சுற்றியபடி மேசையில் கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்துக் குழாயடியில் மண் போக அலசி, காய்ச்சி வடித்த நீர் இருந்த வாளியில் இன்னொரு முறை முக்கி எடுத்து, உதறி, பழைய துண்டில் ஒற்றிவிட்டுப் பிரிக்க வேண்டும். வேர் ஒரு தட்டில், தண்டு ஒரு தட்டில், இலை ஒரு தட்டில். பூ உதிர்ந்த இடத்திலிருந்து மண்ணுக்குள் நூல்போல இறங்குகிற விழுது இன்னொரு தட்டில். காயை உடைத்து ஓடு தனி, பருப்பு தனி. முழுசாக வந்த ஒரு செடி அவள் மேசையை விட்டுப் போகும்போது ஆறாகப் போகும்.

மண்ணும் பயிரும் சோதிக்கிற அந்தக் கூடத்தில் பத்தொன்பது வருஷமாக இதுதான் அவள் வேலை. எப்போதும் கத்திரிக்கோலும் கையுமாக இருப்பதால் எல்லோருக்கும் அவள் கத்திரியக்கா. அவளைவிட ஏழு வயசு மூத்த உலைக்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். அவர் வேலை அடுத்த அறையில். அவள் பிரித்துக் கொடுப்பதைக் காயவைத்து, அரைத்து, உலையில் வைத்துச் சாம்பலாக்குவார். அந்தச் சாம்பலை அமிலத்தில் கரைத்து, எந்த உறுப்பில் எந்தச் சத்து எவ்வளவு என்று மூன்றாவது அறையில் இருக்கிற கருவி சொல்லும். அந்த அறை கூடத்துக்குப் பொறுப்பான மேடத்துடையது. அங்கே மட்டும்தான் குளிர்சாதனம்.

“எப்படியும் சாம்பலாத்தான் போகப்போகுது. அதுக்கு ஏன்க்கா இப்படிக் குளிப்பாட்டி, தலை துவட்டி அனுப்புற?” என்று உலைக்காரர் வாரம் ஒரு முறையாவது கேட்பார். வேறு நாளாக இருந்தால் அவளும் ஏதாவது சொல்லியிருப்பாள். இன்று சிரிப்பதுபோல உதட்டை இழுத்துவிட்டு உறைகளை எடுத்தாள்.

காக்கி நிறக் காகித உறைகள். அவற்றின்மேல் பென்சிலால்தான் எழுத வேண்டும். பேனா மை காயவைக்கிற இரண்டு நாள் சூட்டில் வெளிறிப்போகும், பென்சில் எழுத்து அப்படியே நிற்கும். எந்த வயல், எந்த நாள், எந்த உறுப்பு. அந்த மூன்றையும் அவள் எழுதுவாள். அதன்பிறகு அந்தச் செடியைப் பற்றி உலகத்துக்குத் தெரிவதெல்லாம் அந்தப் பென்சில் எழுத்து மட்டும்தான். அரைத்தபின் தண்டும் வேரும் ஒரே மாதிரித் தூள். எரித்தபின் எல்லாமே வெள்ளைச் சாம்பல். இது இலைதானா, பருப்புதானா என்று இத்தனை வருஷத்தில் யாரும் அவளிடம் திருப்பிக் கேட்டதில்லை. கத்திரியக்கா எழுதியிருந்தால் அது அதுதான்.

அந்த நினைப்பு ஒரு காலத்தில் பெருமையாக இருந்தது. இப்போது மணிக்கட்டு வலியைப்போல அதுவும் கூடவே இருக்கிறது.

அண்ணன் அந்த இலைகளைக் கொண்டுவந்தது இரண்டு மாதத்துக்கு முன்னால். மதியச் சாப்பாட்டு டப்பாவில் அடைத்துக்கொண்டு வந்திருந்தான். செடி பூத்துக்கொண்டிருந்த சமயம். பூக்கும்போது செடியைச் சுற்றிச் சுண்ணாம்புச் சத்துக்காக ஜிப்சம் போட்டு மண் அணைப்பது வழக்கம். இந்த வருஷம் போடணுமா வேண்டாமா, மண்ணில் இருக்கிற சத்தே போதும்போல இருக்கே, கொஞ்சம் பார்த்துச் சொல்லேன் என்று கேட்டான்.

அண்ணன் அவளிடம் ஒன்றைக் கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது கேட்கவில்லை. அப்பா போனபின் வயலை அவனே பார்த்துக்கொள்வது என்று முடிவானபோதும் கேட்கவில்லை. அதில் அவளுக்கு வருத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது. அந்த வீட்டில் அவளைக் கேட்கிற வழக்கமே கிடையாது, அவ்வளவுதான். அவள் வேலையைப் பற்றிப் பேச்சு வந்தால், “அவ ஆபீஸ்ல உக்காந்து கடலை உரிக்கிறா, அதுக்கு மாசச் சம்பளம்” என்று அண்ணி சொல்லுவாள். அண்ணன் சிரிப்பான். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனாலும் சிரிப்பு.

அந்த அண்ணன் டப்பாவைத் திறந்து, இலை வாடிவிடக் கூடாதே என்று மேலே ஈரத்துணி போட்டு மூடியிருந்ததைக் காட்டியபோது, அவளுக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. உலைக்காரரிடம் சொல்லி ஒரு மூலையில் இடம் வாங்கினாள். மேடத்திடம் அனுமதியும் கேட்டாள். ஐந்தாம் நாள் எண் வந்தது. இலையில் சுண்ணாம்புச் சத்து நிறைந்து கிடந்தது.

அன்று சாயங்காலம் போன் செய்தாள். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. “நல்லா நிறைஞ்சிருக்குண்ணா” என்றாள். “அப்ப ஜிப்சம் வேண்டாம்தானே?” என்றான் அவன். ஒரு நொடி இருந்தது. அந்த நொடியை அவளால் இப்போதும் தொட்டுப் பார்க்க முடியும். கஞ்சி பொங்கி வழியப் பார்த்தது. தட்டை ஒரு கையால் நகர்த்திக்கொண்டே, “வேண்டாம்னுதான் தோணுது” என்றாள்.

தெரியாமல் சொல்லியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அவளுக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், எண்கள் எழுதிய தாளைக் காட்டி மேடம் சொன்னது அவளுக்கு மறக்கவில்லை. வேர் உறிஞ்சுகிற சுண்ணாம்புச் சத்து தண்ணீரோடு மேலே ஏறிவிடும். வெயில் எங்கே தண்ணீரை இழுக்கிறதோ அங்கே போகும், இலைக்கு. போனது போனதுதான், அங்கிருந்து திரும்பிக் கீழே இறங்காது. காயோ மண்ணுக்குள் இருட்டில் கிடக்கிறது. மற்ற சத்தையெல்லாம் செடி அதற்கு ஊட்டிவிடும். இதை மட்டும் காய் தன்னைச் சுற்றியிருக்கிற மண்ணிலிருந்து தானே எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் செடியின் காலடியில் ஜிப்சம் போடுவது. பக்கத்து மண்ணில் இல்லையென்றால், இலையில் எவ்வளவு இருந்தாலும் காய்க்கு ஒன்றுமில்லை.

வருஷாவருஷம் அவள் பிரித்துக் கொடுத்த செடிகள்தான் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லின. இலையின் எண் எப்போதும் பெரிசு. பருப்பின் எண் துளியூண்டு. இலை சொல்வதைக் காய்க்குப் பொருத்தக் கூடாது என்பது இந்தக் கூடத்தில் கூட்டிப் பெருக்குகிறவருக்கும் தெரியும். காய் இறங்குகிற ஆழத்து மண்ணை ஒரு பிடி எடுத்துவா அண்ணா, அதைப் பார்த்துச் சொல்கிறேன் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் கையில் பதில் இல்லை என்று ஆகிவிடும். முதல் தடவையாகக் கேட்டவனுக்கு, முழுசாக ஒரு பதிலைக் கையில் கொடுக்க ஆசைப்பட்டுவிட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அறுவடைக்குப் போயிருந்தாள். கணவனும் கூட வந்தான். மழை பல வாரமாக ஏமாற்றிக்கொண்டிருந்தது. வானம் மூடியே கிடந்தது, ஒரு தூறல் இல்லை. உடம்பெல்லாம் பிசுபிசுத்தது. வயல் மட்டும் பச்சைப்பசேலென்று நின்றது. முளைக்காமல் போன குழி ஒன்றுகூட இல்லை. வரிசை வரிசையாகப் பல் வைத்ததுபோலச் செடிகள். “மச்சான், இதைப் பிடுங்கவே மனசு வரலையே, வேலி போட்டுப் பூங்காவா வெச்சுக்கலாம்போல” என்றான் கணவன். அண்ணன் அன்று காலை கடைசியாகச் சிரித்தது அதற்குத்தான்.

முதல் செடி வந்தது. காய்கள் நிறையத் தொங்கின. அவள் கட்டைவிரல் பழக்கத்தில் ஒரு காயை அழுத்தியது. உள்ளே பருப்பு இருந்தால் ஓடு கொஞ்சம் எதிர்த்து நின்று பிறகு உடையும். இது பப்படம்போல நொறுங்கி உள்ளே போனது. காற்று. இன்னொன்று. காற்று. மூன்றாவதில் சுருங்கிய ஒரு பருப்பு, குழந்தையின் நகம் அளவுக்கு. எல்லாம் பொக்கு.

அவள் அடுத்த செடியைப் பிடுங்கினாள். பக்கத்து வரிசையில் அண்ணனும் பிடுங்கிக்கொண்டிருந்தான். முதுகை நிமிர்த்தாமல் இரண்டு பேரும் வரிசையின் கடைசிவரை போனார்கள். ஒவ்வொரு செடியிலும் ஒரு காயை உடைத்துப் பார்த்துப் பார்த்துப் போட்டான் அவன். வரிசை முடியும் இடத்தில் நின்று, “எல்லாம் இலைக்கே போயிருச்சு, இல்ல?” என்று மெதுவாகக் கேட்டான். அவள் தலையாட்டினாள். அவ்வளவுதான் அவர்களுக்குள் நடந்த பேச்சு.

பேச்செல்லாம் வேறிடத்தில் நடந்தது. அண்ணி வரப்பில் நின்று காயை மடியில் உடைத்துக்கொண்டே, விதை கோளாறு, விதை கொடுத்த மகராசி நல்லா இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் டீக்கடையில் யாரோ விசாரிக்க, அண்ணனும் அதையே சொல்லிவிட்டான். சூட்டோடு சூடாகச் சொன்னது. மறுநாள் அது ஊர்ப் பேச்சாகிவிட்டது. கடலை போடுகிறவர்கள் எல்லோரும் சேர்ந்து வைத்திருக்கிற சங்கத்தில், வெள்ளிக்கிழமை கூட்டம் கூட்டி விசாரிப்பதாக முடிவானது. கெட்ட விதை என்று தெரிந்தால் அந்த அம்மாளிடம் இனி யாரும் வாங்குவதில்லை.

விதைக்காரம்மாவை அவளுக்கு முகம் தெரியும், பழக்கம் இல்லை. செவ்வாய்க்கிழமை காலை பஸ் நிறுத்தத்தில் அந்த அம்மாள் வந்து நின்றாள். அறுபதை நெருங்குகிற ஒல்லி உடம்பு. விதைக்கடலையை மெஷினில் கொடுத்து உடைக்க மாட்டாள் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மெஷின் பட்டால் பருப்பின் மேல்தோல் கீறும், கீறினது முளைக்காது என்று மாதக்கணக்கில் உட்கார்ந்து கையாலேயே உரிப்பாள். இரண்டு கட்டைவிரல்களும் வெடித்து, நகம் பாதிக்குமேல் தேய்ந்து இருந்தன. அந்த விரல்களால் ஒரு துணி முடிச்சை நீட்டினாள்.

உங்கள் அண்ணனுக்குக் கொடுத்த அதே குவியலில் எடுத்து வைத்தது, ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் எடுத்து வைப்பது பழக்கம் என்றாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை. “நீங்க பார்க்கிற எடத்துல இருக்கீங்க. பார்த்துச் சொல்லுங்க. கெட்டதுன்னா நானே நிறுத்திக்கிறேன்.” பஸ் வந்தது. ஏறும்போது கத்திரியக்கா திரும்பிப் பார்த்தாள். அந்த அம்மாள் எந்த பஸ்ஸுக்காகவும் அங்கே நிற்கவில்லை, இதற்காகத்தான் வந்திருக்கிறாள் என்று அப்போதுதான் உறைத்தது.

முடிச்சை அவிழ்த்துப் பார்க்கக்கூட வேண்டியதில்லை. விதை கெட்டிருந்தால் முளைத்திருக்காது. அவ்வளவு விதையும் முளைத்த வயலை அவளே பார்த்தாள். இருந்தாலும் மேடத்திடம் அனுமதி கேட்டு, ஈரத்தாளில் ஐம்பது பருப்பை வரிசையாக வைத்து மூடினாள். இன்று வியாழக்கிழமை. காலையில் திறந்தபோது நாற்பத்தாறு பருப்புகள் வெள்ளை மூக்கை நீட்டிக்கொண்டிருந்தன. அவள் அந்தத் தட்டின் முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகுதான் செடிகளை அலசப் போனாள்.

மதியம் உலைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். மேடம் வெளியூர். கூடத்தில் அவள் மட்டும்தான். ஜன்னலுக்கு வெளியே அதே மூடின வானம். உள்ளே உலை அணைந்தும் அணையாத வெக்கை. அண்ணன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். இங்கே யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. அவள் அதைச் சொல்லவில்லை.

சாப்பிட்டாயா என்று கேட்டாள். ஆச்சு என்றான். ஆகியிருக்காது என்று முகம் சொன்னது. தன் டப்பாவைத் திறந்து, சோற்றையும் முட்டையையும் பாதி பிரித்து மூடியில் வைத்து அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் இரண்டு வாய் சாப்பிட்டான். நாலு நாளில் கண்ணுக்குக் கீழே இறங்கிவிட்டிருந்தது. சின்ன வயசில் காய்ச்சல் வந்தால் அவனுக்கு இப்படித்தான் இருக்கும்.

“உப்புக் கம்மி” என்றான்.

“உன் மாப்பிள்ளைக்குப் பிரஷர்.”

“அவருக்குப் பிரஷர்னா நான் ஏன் உப்பில்லாம திங்கணும்” என்று சொல்லிவிட்டு மூடியைத் தள்ளினான். கை கழுவி வந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து மேசையில் வைத்தான். உள்ளே சுருங்கிய பருப்புகள். ஞாயிற்றுக்கிழமை வயலில் பொறுக்கியவை.

அவளுக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. ஆனாலும் அவன் வாயால் சொல்லட்டும் என்று இருந்தாள்.

அவன் சுற்றி வளைத்துத்தான் சொன்னான். நாளைக்குக் கூட்டம். எல்லோரும் அவன் வாயையே பார்ப்பார்கள். சும்மா சொன்னேன் என்று சொல்ல முடியாது. இதை விதைத்தது போக மீந்த விதை என்று உறையில் எழுதி உள்ளே அனுப்பிவிட்டால், எண் தானாகவே மோசமாக வரும். சோதனைக்குப் போயிருக்கிறது என்று நாளைக்குச் சொல்லிவைக்கலாம், சில நாளில் ஒரு தாள் கிடைக்கும். அதைக் காட்டினால் பேச்சு முடிந்துவிடும்.

“நீ பொய்யா எந்த எண்ணும் போட வேண்டாம். மெஷின் சொல்றதைச் சொல்லட்டும். மேல ‘விதை’ன்னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.”

“அந்தம்மா?”

“அவளுக்கு மகன் இருக்கான். உக்கார வெச்சுச் சோறு போடுவான். எத்தனை நாளைக்குத்தான் உரிச்சுக்கிட்டே இருப்பா?”

அவள் எழுந்துபோய் முளைத்த தட்டை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்து, ஈரத்தாளை விலக்கினாள். விவசாயிக்கு அதைப் படித்துக்காட்ட வேண்டியதில்லை. அவன் விரலால் ஒரு முளையைத் தொட்டான். உடையாமல் தொட்டான்.

“விதையில ஒண்ணுமில்லைன்னு எனக்குத் தெரியாதா?” என்றான். “முளைச்ச அன்னைக்கே தெரியும்.”

“அப்புறம் ஏண்ணா?”

“பின்ன யாரைச் சொல்றது?” குரல் உயரவில்லை. களைத்துப்போய் இருந்தது. “ஏன் ஜிப்சம் போடலைன்னு உங்க அண்ணி இன்னைக்கு வரைக்கும் கேட்டுக்கிட்டிருக்கா. நானா விட்டுட்டேன்னு சொல்லியிருக்கேன். நீ சொல்லித்தான் விட்டேன்னு அவகிட்டக்கூடச் சொல்லலை. சொன்னா நீ அந்த வீட்டுப் படி ஏற முடியுமா? ஊருக்குள்ள உன்னை என்ன பேசுவாங்க? ஆபீஸ்காரி கூடப் பிறந்தவனையே கவுத்துட்டான்னுதான் பேசுவாங்க. உனக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.”

அது அவளுக்குத் தெரியாது. இத்தனை நாளும் அண்ணிக்குத் தெரிந்திருக்கும், தெரிந்தும் எப்போது கேட்கலாம் என்று வைத்திருக்கிறாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அண்ணி டீயைக் கையில் கொடுத்தபோதுகூட, டம்ளரின் சூட்டில் ஏதோ இருப்பதாகத்தான் பட்டது. இவன் வாயை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் தன் தலைமேல் போட்டுக்கொண்டு, தாங்க முடியாமல் அதை இன்னொருத்தியின் தலைக்கு மாற்றப் பார்க்கிறான். அவன்மேல் கோபம் வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். வரவில்லை. அவன் சட்டைக் காலரில் பொத்தான் போயிருப்பதுதான் கண்ணில் பட்டது.

அவன் மேசையிலிருந்த பென்சிலை எடுத்து, ஒரு புது உறையின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து அவள் பக்கம் நகர்த்தினான். அவள் உறையைப் பார்த்தாள். வெறும் காக்கிக் காகிதம். இதில் அவள் என்ன எழுதினாலும் உலைக்காரர் நம்புவார், மேடம் நம்புவார், சங்கம் நம்பும். சில நாளில் அந்தப் பருப்பு தூளாகும், பிறகு சாம்பலாகும். அதற்கப்புறம் அவள் நினைத்தாலும் நிரூபிக்க முடியாது. பஸ் நிறுத்தத்தில் நின்ற அந்தத் தேய்ந்த நகங்களும் எதையும் நிரூபிக்க முடியாது.

பென்சிலை எடுத்தாள். அண்ணனின் தோள் கொஞ்சம் இறங்கியது. அவள் அதைத் தன் வழக்கமான இடத்தில், கத்திரிக்கோலுக்குப் பக்கத்தில், வைத்தாள். உறையை மற்ற உறைகளோடு சேர்த்து அடுக்கினாள்.

“எழுத மாட்டேண்ணா.”

“ஒரு வார்த்தைதானே கேட்டேன்.”

“அன்னைக்கும் ஒரு வார்த்தைதான் சொன்னேன்.”

அவன் அவளையே பார்த்தான். சின்ன வயசிலிருந்து பார்த்த முகம்தான். அதில் இப்போது எதையோ தேடுகிறவன்போலப் பார்த்தான்.

“நாளைக்கு நான் என்னத்தைச் சொல்றது?”

“நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் வர்றேன். இலையைப் பார்த்துட்டு நான்தான் வேண்டாம்னு சொன்னேன்னு நானே சொல்லிடறேன். இந்தத் தட்டையும் கொண்டுவர்றேன்.”

“கூட்டத்துக்கு வராதே.” அவன் எழுந்துவிட்டான். பிளாஸ்டிக் பையை எடுத்துச் சட்டைப்பையில் வைக்கப் போனான், பையின் வாய் திறந்திருந்ததில் இரண்டு பருப்புகள் மேசையில் சிந்தின. “எழுதலைன்னா விடு. அங்க வந்து நின்னு உன் பேரைக் கெடுத்துக்காதே. அதையாவது கேளு.”

அவள் சிந்தின பருப்புகளைப் பொறுக்கிப் பைக்குள் போட்டு, வாயை முடிந்து, அவன் கையில் கொடுத்தாள். கை ஒரு கணம் அவன் கைமேல் இருந்தது.

“எட்டு மணி பஸ்ஸுக்கு வந்துடறேண்ணா” என்றாள். “அண்ணிகிட்ட டீ மட்டும் போதும்னு சொல்லு.”

பிறகு ஈரச் சாக்கை விலக்கி அடுத்த செடியை எடுத்தாள். வேரில் மண் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை அலசக் குழாயடிக்குப் போனாள்.